எழுபத்தோரு தடவை ரத்தம் கொடுத்தவர்

"மிச்சம் எழுநூத்தி எம்பத்து நாலு பேரை எங்கேருந்துக்கா பெத்துப் போட்டீங்க?"

நாலு பேருக்கு முன்னாடி, லேப்டாப்பை ஷஹீனா மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுக்கிட்டுத்தான் கிறிஸ்டோபர் இப்படிக் கேட்டான். இருபத்தேழு வயசுப் பய. அருப்புக்கோட்டையில இருக்கிற மரியராஜ் லேப்போட ஓனர் மரியராஜுக்குத் தங்கச்சி மகன். மதுரையில படிச்சுட்டு வந்து, ஒன்றரை வருசமா லேப்போட கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையெல்லாம் இவன்தான் பார்க்கிறான். பேச்சுல 'அக்கா' இருக்கும், மரியாதை இருக்காது. ரிசப்ஷன் பிள்ளைக ரெண்டும் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறதை ஷஹீனா பார்த்துட்டா. காது ரெண்டும் அவளுக்குக் கொதிச்சுப் போச்சு.

ஷஹீனா அதே லேப்போட திருச்சுழி கலெக்‌ஷன் செண்டரைப் பார்த்துக்கிறவ. காலையில ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, வர்றவுககிட்ட ரத்தம் எடுத்து, ட்யூபுல நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில அடுக்கி, அருப்புக்கோட்டை பஸ்ஸுல ஏத்தி விடணும். டெஸ்ட்டெல்லாம் அருப்புக்கோட்டையில நடக்கும். ஆறு வருசமா அங்க அவ ஒத்தை ஆளு. புருசன் சாதிக் சவுதியில சாரத்துலேருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு வந்து ரெண்டு வருசமாச்சு. வீட்டுல அடுப்பெரியிறது இவ சம்பளத்துலதான்.

இந்த ஜூலை மாசக் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. மதுரைக் கம்பெனி ஒண்ணு மரியராஜோட கூட்டுச் சேர வருது. ஒவ்வொரு செண்டருக்கும் எத்தனை தடவை டெஸ்ட் எடுத்தாகன்னு அவுக கேக்கலை, எத்தனை ஆளுக வந்தாகன்னுதான் கேட்டாக. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துலயும் சேர்த்து அறுநூறு ஆளாவது வந்திருக்கணும், இல்லைன்னா அந்தச் செண்டரை மூடிரணும்னு பேச்சு. ஷஹீனா கம்ப்யூட்டர்ல மாசத்துக்கொரு பிவட் டேபிள்னு தொகுப்புக் கணக்குப் போட்டு, பேரை எண்ணி, ஏப்ரலுக்கு நானூத்தி ரெண்டு, மேக்கு முன்னூத்தி எம்பத்தொம்பது, ஜூனுக்கு நானூத்தி இருபத்து நாலுன்னு எடுத்து, மூணையும் கூட்டி ஆயிரத்து இருநூத்திப் பதினஞ்சு ஆளுன்னு எழுதிக் கொடுத்தா. கொடுக்கும்போது கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

கிறிஸ்டோபரோட திரையில நானூத்தி முப்பத்தொண்ணுன்னு இருந்துச்சு.

"மூணு மாசத்தையும் ஒரே சீட்டுல போட்டு, போன் நம்பரை வச்சு டிஸ்டிங்ட் கவுண்ட் எடுத்திருக்கேன்," ன்னு அவன் மாமாவுக்கு விளக்கம் சொன்னான். "ஒரே நம்பரு எத்தனை தடவை வந்தாலும் ஒண்ணுன்னுதான் எண்ணும் மாமா. மாசத்துக்கு மாசம் வர்ற சுகர்க்காரங்களை எல்லாம் இவங்க மூணு ஆளாக் காட்டியிருக்காங்க."

மரியராஜ் கண்ணாடியைக் கழட்டினார். நல்ல மனுசன்னு ஊருல பேரு. ஆனா தங்கச்சி மகன் சொல்றது அவருக்கு வேதவாக்கு.

"ஏம்மா, அறுநூறு வரலைங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு மடங்குக்கு மேல பொய் சொல்லியிருக்கியேம்மா."

"சார், நான் பொய் சொல்லலை."

"அப்ப இதுக்கு என்ன பேரு?"

என்ன நடந்துச்சுன்னே ஷஹீனாவுக்கு அந்த நிமிசம் புரியலை. "முப்பத்தொண்ணாந் தேதியோட சாவியை ஒப்படைச்சிரும்மா," ன்னு மரியராஜ் எந்திரிச்சுப் போயிட்டார். காலையில எடுத்த ரத்தப் பெட்டியை அன்னைக்கு அவளே கையில தூக்கிட்டு வந்திருந்தா. காலிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, யாரு மூஞ்சியையும் பார்க்காம படியிறங்கினா.

பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்துட்டு அவ அழுதான்னு நினைக்காதீக. அழலை. வெளிய சீமைக்கருவேலமும் காஞ்ச கரிசலுமா ஓடிக்கிட்டிருந்துச்சு, இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு அவனை வாய்க்குள்ளயே வஞ்சுக்கிட்டு வந்தா. பெத்துப் போட்டீங்களாமே! எடுபட்ட பய. ஒரு நாளாவது ஊசியைக் கையில எடுத்து, நரம்பு கிடைக்காத ஒரு கெழவி கையைத் தடவிப் பார்த்திருப்பானா? பொய்யாம், பொய்.

திருச்சுழியில இறங்கி வீட்டுக்குப் போகலை. நேரா செண்டருக்கு வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ள நுழைஞ்சு, லேப்டாப்பைத் தொறந்தா. மணி மூணு.

மூணு மாசத்தையும் ஒரே சீட்டுல ஒட்டினா. பிவட் போடும்போது கீழ ஒரு சின்னக் கட்டம் இருந்துச்சு, டேட்டா மாடல்ல சேக்கவான்னு. இத்தனை நாளா அதை அவ தொட்டதே இல்லை. அதை டிக் பண்ணினாத்தான் அந்த டிஸ்டிங்ட் கவுண்டே கண்ணுக்குத் தெரியுது. பண்ணினா. போன் நம்பரை இழுத்துப் போட்டா. நானூத்தி முப்பத்தொண்ணு. மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தா, அது அசையலை.

அப்புறம் ஒரு பேரை எடுத்துப் பார்த்தா. பொன்னுத்தாய், எம்.ரெட்டியபட்டி. பருத்திக் காட்டுக் கூலிக்குப் போற பொம்பளை, சுகர் இருக்கு. ஏப்ரல்ல வந்தாக, மே மாசம் வந்தாக, ஜூன்ல வந்தாக. ஏப்ரல் கணக்குல பொன்னுத்தாய் ஒரு ஆளு, சரி. மே கணக்குல ஒரு ஆளு, அதுவும் சரி. ஜூனும் சரி. மூணையும் கூட்டினா மூணு பொன்னுத்தாய். ஊருல இருக்கிறது ஒரு பொன்னுத்தாய்தானே!

"அடக் கடவுளே," ன்னு ஷஹீனா வாய்விட்டே சொல்லிட்டா. மாசக் கணக்கு ஒவ்வொண்ணும் சரி, கூட்டினதுதான் தப்பு. அந்தப் பய சொன்னது நெசம். அதை ஒத்துக்கத்தான் அவளுக்கு மனசு வரலை. தப்புப் பண்ணினவ தானேன்னு தெரிஞ்சதும் அவன் மேல இருந்த கோபம் கொறையும்னு பார்த்தா, இன்னும் ஏறிக்கிட்டுத்தான் போச்சு. தப்புன்னா தப்புன்னு சொல்றது, அதுக்கு அந்தச் சிரிப்பு எதுக்கு?

லேப்டாப்பை மூடப் போனவ, சும்மா ஒரு எரிச்சல்ல, எந்த நம்பரு அதிகத் தடவை வந்திருக்குன்னு பெருசுலேருந்து சிறுசா அடுக்கிப் பார்த்தா. முதல் வரியில இருந்த நம்பருக்கு நேரா எழுபத்தொண்ணுன்னு இருந்துச்சு.

எழுபத்தொண்ணா? மூணு மாசத்துல ஒரு மனுசன் எழுபத்தோரு தடவை ரத்தம் கொடுத்தா அவன் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணுமே! போனை எடுத்து அந்த நம்பரை அடிச்சா.

"சொல்லு தங்கச்சி," ன்னு எடுத்த எடுப்பிலேயே ஒரு ஆம்பளைக் குரல். "காலையில கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போட்டெல்லாம் வந்துருச்சா?"

இருளப்பசாமி. எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுறவர். ஷஹீனா நெத்தியில அடிச்சுக்கிட்டா.

விசயம் இதுதான். லேப் ரிப்போட்டு வாட்ஸப்புலதான் போகும். ரெட்டியபட்டிப் பொம்பளைகள்ல பாதிப் பேருகிட்ட போனே கிடையாது, இருக்கிறதும் பட்டன் போனு. அதனால, "இருளப்பன் நம்பரைப் போட்டுக்க தாயி," ன்னுருவாக. அவர் ஆட்டோவுலதானே வாராக, அவர் ஆட்டோவுலதானே போறாக. ரிப்போட்டு அவர் போனுக்கு வரும். அவரு வீடு வீடா நின்னு வாசிச்சுச் சொல்லிட்டு, டாக்டரைப் பார்க்கப் போகையில திரையைக் காட்டிட்டும் வருவார். காசு எதுவும் வாங்க மாட்டார். ஆறு வருசமா ஷஹீனாவும் யோசிக்காம அந்தப் பத்து நம்பரை அடிச்சுக்கிட்டே இருந்திருக்கா. இப்ப அந்த நம்பரை விரிச்சுப் பார்த்தா, உள்ள அவரையும் சேர்த்து முப்பத்தேழு பேரு உக்காந்திருக்காக. கிறிஸ்டோபர் கணக்குல அந்த முப்பத்தேழு பேரும் ஒரே ஆளு.

அடுத்த நம்பரு நரிக்குடி ரோட்டுல ஒரு டீக்கடைக்காரரோடது. அதுக்கடுத்தது ஒரு டெய்லரோடது. இப்படிப் பெரிய நம்பரு மட்டும் பதினொண்ணு. அது போக, மாமியாரும் மருமகளும் ஒரே நம்பரு, அப்பனும் மக்களும் ஒரே நம்பருன்னு வீட்டுக்கு வீடு கிடந்துச்சு.

பேரை மட்டும் வச்சும் எண்ண முடியாது. பொன்னுத்தாய்ங்கிற பேரையே இங்கிலீசுல அவ மூணு விதமா அடிச்சு வச்சிருந்தா. ஆனா ஷஹீனாகிட்ட ஒரு நோட்டு உண்டு. சாஃப்ட்வேர் வந்த பிறகும் அவ விடாத பழக்கம்: தேதி, ட்யூப் நம்பர், பேரு, ஊரு, என்ன டெஸ்ட்டுன்னு நாளுக்கு நாள் தமிழ்ல எழுதிருவா. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பேரையெல்லாம் ஒரே மாதிரி திருத்தி, பேரும் ஊரும் நம்பரும் சேர்ந்த மாதிரி புதுசா ஒரு நெட்டு வரிசையைப் போட்டு, அதுக்கு டிஸ்டிங்ட் கவுண்ட் எடுத்தா. மணி ஏழு அடிக்கப் போகுது.

அறுநூத்தி முப்பத்தெட்டு.

ஆயிரத்து இருநூறும் இல்லை, நானூத்திச் சொச்சமும் இல்லை. ஆனா அறுநூறுக்கு மேல. சீட்டை மரியராஜுக்கும் கிறிஸ்டோபருக்கும் அனுப்பிட்டு, பொறுக்க மாட்டாம கிறிஸ்டோபருக்குப் போனு போட்டா.

"சார், ஒரு நம்பருக்குள்ள நெறைய ஆளு இருக்காக. நான் பிரிச்சு எண்ணி அனுப்பியிருக்கேன், தயவுபண்ணிப் பாருங்க."

"காலையில ஆயிரத்து இருநூறு, சாயங்காலம் அறுநூறா? ராத்திரிக்கு எவ்வளவு வரும்?"

"இருளப்பசாமின்னு ஒரு ஆட்டோ டிரைவர் நம்பர்ல மட்டும்..."

"அதெல்லாம் கிளீன் பண்ணியாச்சுக்கா," ன்னான் அவன். "மதுரைக்காரங்களுக்கு டேட்டா சுத்தமா இருக்கணும். சாஃப்ட்வேர்ல ஒரே நம்பர் இருக்கிறதையெல்லாம் ஒரே ஆளாச் சேத்துட்டேன். சாஃப்ட்வேரே கேக்குது, 'இவர் அதே ஆள்தானா'ன்னு. எல்லாத்துக்கும் ஆமான்னு ஒரே தட்டு."

"சார், காலையில நான் கொண்டாந்த ரத்தம் இன்னும் ரிப்போட்டு வரலையே. அதெல்லாம் யார் பேருல வரும்?"

"முதல்ல எந்தப் பேர் பதிஞ்சதோ அதுல வரும். முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் உங்க வேலையை மட்டும் பாருங்க."

வச்சுட்டான். திரும்ப அடிச்சா எடுக்கலை. மரியராஜுக்கு அடிச்சா, மணி போய்க்கிட்டே இருந்துச்சு. காலையில ரிப்போட்டு வந்ததும் நோட்டோட ஒத்துப் பார்த்துக்கலாம்னு ஷட்டரை இறக்கினா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. செண்டர் பன்னெண்டு மணி வரைக்கும் உண்டு. பத்தரை மணிக்கு வாசல்ல ஆட்டோ வந்து நின்ன வேகத்துல தூசி உள்ள வரைக்கும் வந்துச்சு. இருளப்பசாமி இறங்கினார். நாப்பத்து நாலு வயசு, பெரிய மீசை, எப்பவும் சிரிச்ச மொகம். அன்னைக்கு மொகம் கருத்துக் கெடந்துச்சு.

"என்ன தங்கச்சி இது? என்னன்னு படிச்சுச் சொல்லு."

போனை நீட்டினார். இருளப்பசாமி, ஆண், வயது 44. கர்ப்பப் பரிசோதனை: பாசிட்டிவ்.

"ஸ்டாண்டுல ஒருத்தன் பாக்கியில்லை. எத்தனையாவது மாசம்ங்கிறான், மாங்கா வாங்கியாரவாங்கிறான். எம் பொண்டாட்டி போனைப் பிடுங்கிப் பார்த்துட்டு, யாரு ரிப்போட்டு இது, எவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனன்னு குடுமியைப் பிடிக்காத குறை. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறது?"

வேற நாளா இருந்தா ஷஹீனா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அன்னைக்கு அவளுக்குச் சிரிப்பு வரலை. மேல தள்ளிப் பார்த்தா. நேத்துக் காலையில ரெட்டியபட்டியிலேருந்து வந்தவுக அஞ்சு பேரு. அஞ்சு ரிப்போட்டும் இருளப்பசாமி, ஆண், வயது 44. கர்ப்பம் மேலத்தெருப் புதுப்பொண்ணு சரஸ்வதியோடது. ரெண்டு சுகர் ரிப்போட்டு இருந்துச்சு. ஒண்ணுல தொண்ணூத்தாறு, இன்னொண்ணுல நானூத்திப் பன்னெண்டு.

"அண்ணே, இந்தச் சுகரை யாருக்கு எதைச் சொன்னீக?"

"எல்லாத்துலயும் எம் பேருல்ல இருக்கு. பொன்னுத்தாயக்கா ரொம்ப நாளா சுகர்க்காரி, அவுகளுக்குத்தான் பெருசு இருக்கும்னு நானூத்திப் பன்னெண்டுன்னேன். கூட வந்த கொத்தனாருக்குத் தொண்ணூத்தாறுன்னேன். காலையில ஏழு மணிக்கே சொல்லியாச்சே."

ஷஹீனா நோட்டைப் பிரிச்சா. மூணாவது ட்யூபு, பொன்னுத்தாய். ரிப்போட்டுல மூணாவது ட்யூபு தொண்ணூத்தாறு. நானூத்திப் பன்னெண்டு கொத்தனாரோடது.

"அண்ணே, பொன்னுத்தாயக்கா கேட்டுட்டு என்ன சொன்னாக?"

"பயந்துபோச்சு பாவம். மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டா எச்சாப் போட்டுக்கிறேன், இன்னைக்குச் சோறே வேண்டாம்னுச்சு."

சுகர் சரியா இருக்கிற உடம்புக்கு வெறும் வயித்துல எச்சா மாத்திரை! ஷஹீனா போனைக் கையில எடுத்துட்டா. எடுத்த பிறகுதான் உரைச்சுச்சு. யாரைக் கூப்பிடுறது? பொன்னுத்தாயக்காவோட போன் நம்பரு, எதுத்தாப்புல மீசையோட நின்னுக்கிட்டிருக்கு.

"ஆட்டோவை எடுங்கண்ணே!"

சுகர் பாக்கிற மிசினையும், டீப் போட வச்சிருந்த சீனி டப்பாவையும் அள்ளிக்கிட்டு ஓடினா. ஷட்டரைக் கூட இறக்கலை. ரெட்டியபட்டிக்கு இருபது நிமிசம். வண்டி ரோட்டுல இருந்த நேரத்தை விடப் பள்ளத்துல குதிச்ச நேரந்தான் அதிகம்.

பொன்னுத்தாய் வீட்டு வாசல்ல ஆடு ரெண்டு கத்திக்கிட்டு நின்னுச்சு. உள்ள அவுக சுவரோரமாச் சாஞ்சு, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கண்ணு சொருகிக் கிடந்தாக. பக்கத்துல வெறும் மாத்திரை அட்டை. கூப்பிட்டா "ம்" னாக, அவ்வளவுதான். விரல்ல குத்தி மிசின்ல வச்சுப் பார்த்தா நாப்பத்தொண்ணு. ஷஹீனா அவுகளை மடியில சாய்ச்சு, சீனியைத் தண்ணியில குழைச்சு, உதட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சு விட்டா. "முழுங்குங்கக்கா, முழுங்குங்க, எனக்காக முழுங்குங்க," ன்னு அவ போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. ரெண்டு வாய் உள்ள போனதும் தூக்கி ஆட்டோவுல போட்டுக்கிட்டு, திருச்சுழி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாக. கொத்தனாரு ஊருக் கோயில் பொங்கல்ல இனிப்பா ஒரு வெட்டு வெட்டிட்டு, சந்தோசமாப் படுத்துக் கிடந்தாரு. அவரையும் எழுப்பி அதே ஆட்டோவுல ஏத்தியாச்சு.

மத்தியானம் குளுகோஸ் ஏறி, பொன்னுத்தாய் கண்ணைத் தொறந்து, "ஆட்டுக்குத் தண்ணி வச்சாகளா?" ன்னு கேட்ட பிறகுதான் ஷஹீனா வராண்டா பெஞ்சுல உக்காந்தா. அப்பத்தான் அழுதா. பத்து நிமிசம் நல்லா அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, மரியராஜுக்கு ஒரு மெசேஜ் போட்டா: 'உங்க லேப் ரிப்போட்டால ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. ரெண்டு பேரும் திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு வாங்க.'

அவுக வர்றதுக்குள்ள செண்டருக்குப் போய் ஷட்டரை இறக்கிட்டு, லேப்டாப்பையும் நோட்டையும் எடுத்துட்டு வந்துட்டா. நாலரை மணிக்குக் கார் வந்துச்சு. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மரியராஜ் மாத்தக்கூட இல்லை. பின்னாடியே லேப்டாப் பையோட கிறிஸ்டோபர்.

"ஏம்மா, அவுக வீட்டாளுக ஏதும் பிரச்சினை பண்ணுறாகளா?" மரியராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மொதக் கேள்வியே இதானா சார்? உயிரோட இருக்காகளான்னு கேக்க மாட்டீகளா?"

மரியராஜ் மொகம் செத்துப்போச்சு. கிறிஸ்டோபர் மட்டும் விடலை. "ஊருக்கெல்லாம் ஒரு ஆட்டோக்காரர் நம்பரைப் போட்டது யாரு? நீங்க தப்பாப் போட்டா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்?"

ஆட்டோக்காரர்னதும் கதவோரம் நின்ன இருளப்பசாமி ஒரு எட்டு முன்னால வந்தார். ஷஹீனா கையைக் காட்டி நிறுத்தினா.

"நான்தான் போட்டேன். அவுககிட்ட போனு இல்லை, போட்டேன். ஆனா பேரைத் தனித்தனியாத்தானே போட்டேன்? அந்தப் பேரையெல்லாம் ஒரே தட்டுல அழிச்சது யாரு? நேத்து ஏழு மணிக்குப் போனுல நான் கேட்டேனா இல்லையா?"

"அந்தப் பிள்ளை என்னலே கேட்டுச்சு?" ன்னார் மரியராஜ். கிறிஸ்டோபர் தோள்ல கிடந்த பையோட வாரை இழுத்து விட்டுக்கிட்டான். நேத்து அனுப்பின சீட்டை ஷஹீனா தன் லேப்டாப்புல விரிச்சுக் காட்டினா. பேரு, ஊரு, நம்பரு. மரியராஜ் ஒவ்வொரு வரியா விரலை ஓட்டிக்கிட்டே போனார். கீழ அறுநூத்தி முப்பத்தெட்டு. அவர் போனுக்கும் நேத்தே வந்து, தொறக்காமக் கிடந்த சீட்டு அது.

"நேத்து ஆயிரத்து இருநூறுன்னாங்க மாமா, அதை மறந்துடாதீங்க," ன்னான் கிறிஸ்டோபர், தரையைப் பார்த்துக்கிட்டே.

"ஆமா, சொன்னேன்," ன்னா ஷஹீனா. "மூணு மாசத்தையும் கூட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியலை, கூட்டிட்டேன். தப்புத்தான். ஆனா நான் கூட்டின தப்புல யாரும் மயங்கி விழலை."

மரியராஜ் சீட்டுலேருந்து விரலை எடுத்தார். "சரிம்மா. செண்டர் இருக்கட்டும். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"அது மட்டும் பத்தாது சார். பொய்யின்னு சொன்னீக. அடுத்த கூட்டத்துல, அதே ஆளுக முன்னாடி, அது பொய் இல்லைன்னு சொல்லணும். இப்ப இவர் சேர்த்த ஆளுகளை இவரே பிரிக்கணும். என் நோட்டு இருக்கு, வாசிச்சுச் சொல்றேன். ஆனா மொத ஆளை நேர்ல பார்த்துப் போடட்டும்."

மரியராஜ் தலையை மட்டும் ஆட்டினார். கிறிஸ்டோபர் மாமா மூஞ்சியைப் பார்த்தான், அங்க ஒண்ணும் கிடைக்கலை. கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை மடியில வச்சான். குளுகோஸ் பாட்டிலுக்குக் கீழ பொன்னுத்தாய் அவனையே பார்த்துக்கிட்டிருந்தாக.

"இந்தப் பையன்தானா?" ன்னு ஷஹீனாவைக் கேட்டாக. இவ ஆமான்னா.

"பேரு?" ன்னான் கிறிஸ்டோபர்.

"பொன்னுத்தாய்."

"வயசு?"

"அம்பத்தெட்டோ ஒம்போதோ."

"ஊரு?"

"எம்.ரெட்டியபட்டி."

பழக்க தோசத்துல அடுத்த கேள்வியும் வந்துருச்சு. "போன் நம்பர்?"

பொன்னுத்தாய் ஊசி குத்தாத கையைத் தூக்கி, கதவுப் பக்கம் காட்டினாக. "எனக்கு எதுய்யா போனு? இருளப்பன் நம்பரைப் போட்டுக்க."

கிறிஸ்டோபர் விரலு அப்படியே நின்னுச்சு. இருளப்பசாமி அங்கேருந்தே பத்து நம்பரையும் ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவன் அடிச்சான். அடிச்சு முடிச்சதும் திரையில ஒரு கட்டம் வந்து நின்னுச்சு: 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இவர் அதே ஆள்தானா?'

"வாய்விட்டுச் சொல்லிட்டு அமுத்துங்க சார்," ன்னா ஷஹீனா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரும் கண்ணை எடுக்கலை.

"இல்லை," ன்னான், அமுத்தினான்.

ஷஹீனா நோட்டைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டா. "ரெட்டியபட்டியிலேயே இன்னும் முப்பத்தஞ்சு பேரு இருக்காக. அடுத்து, மேலத்தெரு சரஸ்வதி. போடுங்க."